அஸருக்குப் பிறகு சாதிக்கோடு யார் போவது?

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தவள் நான்.

அதில் ஐந்து பேரை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. சோறு போட்டேன். ஓத அனுப்பினேன். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அவர்கள் பாட்டுக்கு வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டார்கள். ஆறாவது ஆளைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக எடுத்து வைப்பேன்.

அவன் பெயர் சாதிக். கடைக்குட்டி. கடைக்குட்டி என்றால் சின்னப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். முப்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, தாடியில் இரண்டொரு நரைகூட வந்துவிட்டது. அவனுக்கு இருப்பதை இந்தக் காலத்து டொக்டர்மார் ஓட்டிசம் என்கிறார்கள். அந்தச் சொல் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக்காரருடைய கருவாட்டுக் கடையைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். இந்தக் கிழமை கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வருவோம்.

வெள்ளை உடுப்பு

எங்கள் வீட்டுக்காரர் மவுத்தாகி, அடக்கம் முடிந்த மறுநாள். சில வருஷத்துக்கு முந்திய கதை. அறை வாசலில் ஒரு திரை கட்டி, என்னை உள்ளே இருத்தியிருந்தார்கள். எங்களில் கணவன் மவுத்தானால் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெளியில் இறங்குவதில்லை, நகை நட்டு இல்லை, பிற ஆண்கள் கண்ணில் படுவதில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளைதான் உடுப்பது. எனக்கும் வெள்ளைச் சேலை உடுத்தி விட்டிருந்தார்கள்.

அறை நிறையப் பெண்கள். யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். சந்தனத்திரி மணமும் கற்பூர மணமும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

சாதிக் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டான். என் மடியைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், தலையில் போட்டிருந்த முந்தானையைப் பார்த்தான். பிறகு விறுவிறென்று பின்பக்கம் போனான். கொடியில் காயப் போட்டிருந்த என் மண்ணிறச் சேலையை உருவிக்கொண்டு வந்து என் மடியில் போட்டான்.

சேலை இன்னும் ஈரம். வெள்ளை முழுக்க நனைந்துவிட்டது.

ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் மதினி சுலைஹா, எங்கள் வீட்டுக்காரருடைய தங்கச்சி, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “பாருங்க, வாப்பா மவுத்தான வீட்டுல இவன் செய்ற வேலய!”

எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு உம்மா என்றால் அந்த மண்ணிறச் சேலையும் அதில் இருக்கிற வெற்றிலைக் கறையும்தான். அதில்லாமல் ஒருத்தி உம்மாவின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். யாராக இருந்தாலும் கேட்கத்தானே செய்வார்கள்? அவனுக்குக் கேட்க வாய் வராது. சேலையைக் கொண்டுவந்து போட்டான்.

அன்று பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்தது. திரை மறுபடி அசைந்தது. என் செருப்பு இரண்டையும் கொண்டுவந்து காலடியில் சோடியாக வைத்துவிட்டு நின்றான்.

“நேரம்,” என்றான்.

நேரம்

அவனிடம் இருக்கிற சொற்கள் கொஞ்சம். சோறு, தண்ணி, வேணா, நேரம். அதில் நேரம் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். அஸருக்குப் பிறகு உம்மா வெளிக்கிட வேண்டும், அவனோடு நடக்க வேண்டும்.

தில்லையடியில் எங்கள் ஒழுங்கையால் இறங்கி, பள்ளிவாசல் மதிலோரமாகப் போய், பெரிய ரோட்டைக் கடந்தால் அந்தப் பக்கம் உப்பு விளைகிற பாத்திகள். புத்தளத்தில் அதை வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள். பாத்திகளுக்கு நடுவே வரம்பு. வரம்பின் இரண்டு பக்கமும் தென்னங்கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள். வரம்பு முடிகிற இடத்தில் களப்பு, கடல் உள்ளே வந்து கிடக்கிற தண்ணீர். அதுவரைக்கும் போவோம். அங்கே நிற்போம். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன் திரும்புவோம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அன்று வரைக்கும் இது ஒரு நாளும் தவறியதில்லை.

தவறினால்? ஒரு கலியாண வீட்டில் தவறப் பார்த்தது. மாப்பிள்ளை வருகிற நேரம். அவன் என் கையைப் பிடித்து இழுத்து, நான் எழும்பாததால் நிலத்தில் படுத்து, தலையைத் தூணில் அடிக்கத் தொடங்கினான். அதோடு பின்னேரக் கலியாணங்களுக்கு நான் போவதில்லை. என் சொந்தத் தங்கச்சி மகளின் கலியாணத்தில்கூட பிரியாணி ஒரு வாய் வைத்ததும் எழும்பி வந்தவள் நான்.

அவனுக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று எனக்கு ஒரு பெரிய ஆசை, கண்டுபிடிக்க வேண்டும் என்று. மணிக்கூட்டை முன்னே திருப்பி வைத்துப் பார்த்தேன். அவன் மணிக்கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாங்கை வைத்துத்தான் என்று நினைத்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்த நாட்களிலும் அதே நேரத்துக்குச் செருப்பு வந்தது. வெயிலை வைத்து என்று நினைத்தேன். மழை இருட்டிக் கிடந்த நாளிலும் வந்தது. கழுதைகளைக் கவனித்தேன். எங்கள் பக்கம் கழுதைகள் தெருவில் தாமாகத் திரியும். அவை களப்புப் பக்கம் போகிற நேரத்தைப் பார்க்கிறானோ என்று. அதுவும் இல்லை. இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு ஆளிடமாவது நான் அறியாத ஒன்று இருக்கட்டுமே.

கிடுகுக் கொட்டிலில் பிறந்தவன்

நாங்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லை. மன்னார்ப் பக்கத்தால், சண்டைக் காலத்தில் வெளியேறச் சொன்னபோது, ஊரோடு ஊராக, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்தவர்கள். அப்போது சாதிக் என் வயிற்றில். இங்கே வந்து ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தபோதுதான் பிறந்தான். மழை ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பாயைப் போட்டுப் பெற்றேன்.

அவன் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரும்போது நான் பயந்த பயம் வயிற்றுக்குள் போய்விட்டது என்றார்கள். கர்ப்பத்தோடு அவ்வளவு தூரம் நடந்ததால் என்றார்கள். ஜின் என்றார்கள். ஒரு லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார், குடித்தான், தாகம் தீர்ந்தது. முந்தலில் ஒரு வைத்தியர் எண்ணெய் காய்ச்சித் தந்தார். தலைக்குத் தேய்த்தேன். தலைமுடி நல்லாக வளர்ந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாக் காரணமும் கடைசியில் என் வயிற்றில் வந்துதான் நிற்கும். அதைத்தான் நான் கவனித்தேன். பிள்ளைக்கு என்ன என்று கேட்கத் தொடங்குகிறவர்கள், நீ என்ன செய்தாய் என்று முடிப்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது றிஸ்வானா என்று ஒரு இளம் பிள்ளை இருக்கிறாள். அவளுடைய மகனும் சாதிக்கைப் போலத்தான். அவள் கிளினிக்குக்குப் போகிறாள், போனில் என்னென்னவோ பார்க்கிறாள், படம் ஒட்டிய அட்டைகளைக் காட்டி மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை. அட்டையைக் காட்டினால் அவன் போய்ச் செருப்பை எடுத்து வருகிறான். நல்ல வேலை.

“ஒனக்கெல்லாம் லேசு மகள். பேராவது தெரியும்,” என்று ஒரு நாள் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “பேர் தெரிஞ்சி என்ன மாமி? குளியலறைக்குப் போய் பைப்பைத் தொறந்து விட்டுத்தான் அழுற. அதுவும் ரெண்டு நிமிசம். வெளிய நிண்டு கதவத் தட்டிட்டே இரிப்பான்.”

அவளுக்குப் பைப். எங்களுக்கு அப்போது கிணறு. வாளி இறங்குகிற சத்தத்தில் அழ வேண்டும்.

வெற்றிலை போட்ட பரீனா

இத்தாவுக்கு வருவோம். முதல் நாள் செருப்பு வைத்தான், நான் எழும்பவில்லை. அவன் கத்திய கத்தலில் யாசீன் ஓத வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் நாளும் அதே கதை. என் மூத்த மகன் நியாஸ் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பார்த்தான். ஏறினான், ஒழுங்கை முனையில் குதித்து இறங்கி ஓடி வந்து என் காலடியில் செருப்பைத் திருப்பியும் சோடியாக்கி வைத்தான்.

அப்போதுதான் என் மூத்த மகள் பரீனாவுக்கு ஒரு யோசனை வந்தது. பரீனா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். யோசனைக்குக் குறைவில்லை.

“உம்மா, ஒங்கட மண்ணெறச் சேலயத் தாங்க. நான் உடுத்திட்டுப் போறன். அவன் மொகத்தப் பாக்கிறதே இல்லத்தானே? சேலயத்தானே பாக்கிறான்?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. சேலையை உடுத்தினாள். முந்தானையை என்னைப் போல் இழுத்துத் தலையில் போட்டாள். என் தைலத்தைக் காதுக்குப் பின்னால் தடவினாள். எனக்கு இடது முழங்கால் நோவு, கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பேன். அதையும் நடந்து காட்டினாள். சுலைஹா மதினி இத்தா வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டாள்.

“சாய்ஞ்சது காணா புள்ள. ஒங்கும்மா இன்னும் வாத்து மாதிரி நடப்பா.”

“வாத்தாம். ஒன்ட காக்காவோட நீ நடந்து பாத்திரிக்கணும், அப்ப தெரியும்,” என்றேன் நான் திரைக்குள்ளிருந்து, அவளுடைய அண்ணனை இழுத்து.

கடைசியாக வெற்றிலை. வாசம் வர வேண்டும் என்று என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையைச் சுருட்டி வாயில் போட்டாள். வாழ்நாளில் வெற்றிலை போடாதவள். சுண்ணாம்பு கூடிவிட்டது. கண்ணால் தண்ணீர் ஓட, தலை சுற்ற, தூணைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அஸர் பாங்கு சொன்னது.

சாதிக் வந்தான். சேலையைப் பார்த்தான். கிட்டப் போய் முகர்ந்தான். சுற்றி ஒரு வட்டம் வந்தான்.

பிறகு உள்ளே வந்து என் விரலைப் பிடித்து, திரை வரைக்கும் இழுத்துப்போய், பரீனாவை எனக்குக் காட்டினான். உம்மாவின் சேலையை யாரோ உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள், பாருங்கள் என்று முறைப்பாடு சொல்கிற மாதிரி.

பரீனா கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

நான் இதை வைத்து நெடுநாள் யோசித்தேன். சேலை இல்லாத என்னை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் இல்லாத சேலையையும் அவன் ஏற்கவில்லை. அப்படியானால் முகத்தைப் பார்க்காத அந்தப் பிள்ளை இத்தனை வருஷமாக என்னில் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தான்?

மௌலவி சொன்னது

அதற்குப் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. பகலில் சாப்பிட மறுத்தான். இரவில் பேக்கரிப் பாணைத் தேத்தண்ணியில் தொட்டு நான் ஊட்டினால் மட்டும் இரண்டு மூன்று வாய் வாங்குவான். அஸரானால் யன்னல் கட்டையில் நெற்றியை அடித்தான். நெற்றி வீங்கி, பிறகு உடைந்தது.

நியாஸ் மௌலவியிடம் போய் நிலைமையைச் சொன்னான். திரும்பி வந்தவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“உம்மா, மௌலவி சொல்லிட்டாரு. தேவ எண்டா பகல்ல மூடி மறைச்சிப் போயிட்டு வரலாமாம். இரவைக்கு வீட்டுல இரிந்தா சரியாம். அதுல குத்தமில்லயாம். எழும்புங்க, நாளைலரிந்து போவம்.”

எனக்கும் உள்ளம் எழும்பிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். செருப்பு அங்கேயே சோடியாகக் கிடந்தது. காலை நுழைக்க வேண்டியதுதான். ஒரு தாய் முன் வாசல் படலையைத் திறந்தால் முடிந்துபோகிற வேலை.

அன்றிரவு அவனுக்கு நெற்றியில் மருந்து வைக்கும்போது ஒரு எண்ணம் வந்தது. இந்த எண்ணம் புதிதில்லை. இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற எந்த உம்மாவைக் கேட்டாலும் சொல்லுவாள், இந்த எண்ணத்தோடுதான் படுக்கிறோம், இந்த எண்ணத்தோடுதான் எழும்புகிறோம். நான் மவுத்தானால் இவன் என்ன செய்வான்? அது இத்தனை நாளும் எனக்கு இருட்டாகத்தான் தெரிந்தது. இப்போது அல்லாஹ் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து, எட்டிப் பார் என்கிற மாதிரி இருந்தது. நான் இருக்கிறேன், ஆனால் அவனோடு நடக்க வரவில்லை. என் கண் முன்னால் இது நடக்கிறது. என்ன ஆகிறது என்று பார்க்க எனக்குக் கண் இருக்கிறது, விழுந்தால் பிடிக்கக் கை இருக்கிறது. இந்த வசதி பிறகு கிடைக்காது.

காலையில் நியாஸிடம் சொன்னேன். “நான் போகல்ல மகன்.”

“மௌலவியே சொல்லிட்டாரேம்மா!”

“இண்டைக்கி மௌலவி விடுவாரு. நான் மவுத்தாகிற அண்டைக்கி எந்த மௌலவி என்ன எழுப்பி விடுவாரு?”

அவன் கடையைத் திறக்கப் போய்விட்டான். சண்டைக்கு நின்றவள் சுலைஹா. முதல் நாள், இத்தா இருக்கிற பெண் ஒழுங்கையில் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று சொன்ன அதே வாய்.

“கல்லு நெஞ்சு மதினி ஒனக்கு. புள்ளட நெத்தியில ரத்தம். ஒரு நடை போயிட்டு வந்தா வானம் இடிஞ்சி விழுமா?”

“விழாது.”

“அப்ப போயேன்!”

“நீ கூட்டிட்டுப் போயேன் மதினி. ஒன்ட காக்காட மகன்தானே.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் அவன் மேல் இரக்கம் இருந்தது. இரக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

யன்னல் கட்டையில் பழைய தலையணையைக் கட்டி வைத்தேன். அஸரானால் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் அடிக்கிற இடத்தில் என் உள்ளங்கையையும் வைத்தேன். எழும்பிப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நடந்ததில்கூட எனக்கு அப்படிக் கால் நோகவில்லை.

படியில் இருந்தவள்

நியாஸின் மனைவி ஸீனத். புத்தளத்துப் பிள்ளை, பரம்பரையாக இந்த ஊர். கதை குறைவு. அவள் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நான் நாலு சொல் சொல்லி முடித்துவிடுவேன். அதனால் எங்கள் இருவருக்கும் சண்டையும் இல்லை, பெரிய ஒட்டும் இல்லை.

அவள் எந்த யோசனையும் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்தால், அஸர் நேரத்துக்கு ஹபாயாவைப் போட்டுக்கொண்டு, வெளியில் போகிற செருப்பையும் போட்டுக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“எங்க போகப் போற மகள்?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்ல மாமி.”

“அப்ப ஹபாயா?”

“சும்மா.”

சாதிக் அவளைக் கடந்து வந்தான், எனக்குச் செருப்பு வைத்தான், கத்தினான். அவள் தலையைத் தூக்கவில்லை. மறுநாளும் அதே இடத்தில், அதே ஹபாயா, அதே சுளகு. அதற்கடுத்த நாளும். எங்கள் வீட்டு அரிசியில் அந்தக் கிழமை ஒரு கல்கூட இருந்திருக்காது. நான் திரைக்குப் பின்னால் இருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை என்ன நினைத்து இதைச் செய்கிறாள் என்று அறிய எனக்கு உயிர் போகிற ஆசை. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் அவன் கத்தவில்லை. செருப்பை வைத்தான். நின்றான். “நேரம்,” என்றான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவன் திரும்பி நடந்தான். படியில் இருந்த ஸீனத்தைத் தாண்டிப் படலை வரைக்கும் போய், படலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஸீனத் சுளகைக் கீழே வைத்தாள். எழும்பினாள். கூப்பிடவில்லை. கையை நீட்டவில்லை.

அவன் படலையைத் திறந்தான். போனான். அவள் பின்னால் போனாள்.

நான் திரையை விலக்கிக்கொண்டு யன்னலுக்கு ஓடினேன். ஒழுங்கையில் அவன் முதுகு தெரிந்தது. நான் என்றைக்கும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தவள். அவன் முதுகைத் தூரத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. எவ்வளவு அகலமான முதுகு. அவனுடைய வாப்பாவின் முதுகு மாதிரி, எங்கள் வீட்டுக்காரருடைய முதுகு மாதிரி. மதில் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

வெறும் வீடு

நியாஸ் கடையில். பரீனா அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஸீனத்தின் மகள், அப்போது சின்னப் பிள்ளை, பாயில் தூக்கம். நான் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கிணற்றடிக் கப்பி காற்றுக்கு லேசாகக் கிறீச்சிட்டது. குசினியில் ஒரு மூடி தானாகச் சரிந்து நின்றது. மேற்கு வெயில் யன்னலால் வந்து கதிரைக் காலில் விழுந்திருந்தது.

அந்த வெயிலை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. இந்த வீட்டை நாங்கள் கட்டி எத்தனையோ வருஷம். ஆனால் இத்தாவுக்கு முன் இந்த நேரத்தில் நான் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை; இத்தாவிலும் அவன் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் நான் வரம்பில் நிற்பேன்.

பிறகுதான் தெரிந்தது. அவர் கடையால் வீட்டுக்கு வருகிற நேரம் இதுதான்.

கருவாட்டு மணத்தோடு வந்து, கிணற்றில் கை கால் கழுவி, தானே தேத்தண்ணி ஊற்றி, இந்தக் கதிரையில் இருந்து குடித்திருப்பார். இந்த மூடிச் சத்தத்தைக் கேட்டிருப்பார். இந்த வெயிலைப் பார்த்திருப்பார். நாங்கள் திரும்பி வரும்போது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மஃரிபுக்குப் பள்ளிக்கு வெளிக்கிட்டு நிற்பார். “வந்திட்டீங்களா?” என்பார். “வந்திட்டம்,” என்பேன். அவ்வளவுதான் எங்கள் பின்னேரக் கதை, வருஷக் கணக்காக.

அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நானும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை, நினைக்க நேரமில்லை. இப்போதும் அது குற்றம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒரு ஆள் நடக்க வேண்டியிருந்தது, நான் நடந்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் உழைக்க வேண்டியிருந்தது, அவர் உழைத்தார். ஆனால் அந்தக் கதிரையில் அவர் என்ன யோசித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார் என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது.

அப்போதுதான் நான் அழுதேன். அவர் மவுத்தான அன்று அழவில்லை. அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தத்துக்குச் சாதிக் என்ன செய்வானோ என்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தூக்கில் வைத்து அவரைத் தூக்கும்போது அழவில்லை. அவன் பின்னால் ஓடிவிடுவானோ என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தா தொடங்கியும் அழவில்லை. நெற்றி, யன்னல், செருப்பு. ஒரு பெண் உட்கார்ந்து கணவனை நினைப்பதற்கென்று மார்க்கம் எனக்கு ஒரு காலம் தந்திருந்தது. அதில் முதல் தடவையாக அன்றுதான் உட்கார்ந்தேன். பைப்பும் வேண்டியிருக்கவில்லை, வாளியும் வேண்டியிருக்கவில்லை. நல்லாக, சத்தமாக அழுதேன்.

மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னே படலை திறந்தது. சாதிக் நேரே குசினிக்குப் போய்ப் பீங்கானை எடுத்து வைத்துக்கொண்டு, “சோறு,” என்றான்.

ஸீனத் ஹபாயாவில் உப்பு மண் படிந்து நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சான் மகள்? எங்க நிண்டான்? ரோட்டக் கடக்க பயந்தானா? சொல்லு புள்ள!”

“நல்லாப் போனாரு மாமி.”

“அவ்வளவுதானா?”

அவள் யோசித்தாள். “வரம்புல எனக்கு ஒரு முள்ளு குத்திச்சி. நான் குனிஞ்சி எடுத்திட்டு நிமிந்து பாத்தா, முன்னுக்கு நிண்டுட்டு இரிந்தாரு.”

“ஏன்?”

“எனக்காகத்தான் மாமி. நான் கிட்டப் போனதும்தான் நடந்தாரு.”

எனக்காக அவன் ஒரு நாளும் நின்றதில்லை. நான்தான் கையைப் பிடித்திருந்தேனே, எப்படி நிற்பான்? சந்தோசமாகவும் இருந்தது, எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான். மூன்று தடவை அந்த முள்ளுக் கதையை அவளிடம் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவளும் மூன்று தடவையும் அதே சொற்களில், கூட ஒன்றும் இல்லாமல் சொன்னாள்.

இத்தா முடியும் வரைக்கும் ஸீனத்தான் போனாள். எல்லா நாளும் நல்லாகப் போனது என்று சொல்ல மாட்டேன். சில நாள் மதில் முனையிலிருந்து திரும்பி வந்துவிடுவான். ஆனால் படலையைத் திறக்கிற ஆள் அவன்தான். அந்த நேரம் முழுக்க நான் அவருடைய கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். இத்தா முடிந்து நான் மறுபடி அவனோடு போகத் தொடங்கினேன். எல்லா நாளும் இல்லை. சில நாள் நான், சில நாள் ஸீனத், இப்போது சில நாள் பரீனாவும். பரீனா அவளுடைய சொந்தச் சேலையில்தான் போகிறாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள். கையெழுத்து வைப்பேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் கை ஓடாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஸீனத்தின் மகள் ஷிஃபா; அன்று பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை.

“வாப்பும்மா, இதோட முடிக்கவா?” என்று கேட்கிறாள்.

“இரி மகள். முழுக்க ஒருக்கா வாசி. கெதியா வாசிக்காத. சாதிக் சாச்சா அந்தா யன்னலடியில இரிக்காரு, அவருக்கும் கேக்கட்டும். எந்த எடத்துல தலயத் தூக்குறாரு எண்டு எனக்குப் பாக்கணும். வாசி.”